எழுந்த நேரம்

ஆறு வருடம் முட்டி மோதி ஓர் ஆராய்ச்சியை முடித்த பிறகு கௌசல்யாவுக்கு மிச்சம் இருந்தது ஆறு கையெழுத்து. ரத்தம் கொடுத்த நோயாளிகளில் ஆறு பேர் ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர் எழுத்தர். அவளுடைய ஆராய்ச்சியில் அவர் படித்த ஒரே பகுதி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருந்தார்.

ஏப்ரல் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இன்னும் எட்டு நாள். ஏற்கனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது, பதிவே ரத்து என்று கடிதம் வந்திருந்தது. கௌசல்யாவுக்கு வயது முப்பத்தேழு. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் பதினொரு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறாள். ஒப்பந்த விரிவுரையாளர் என்பதால் ஒவ்வொரு ஜூனிலும் அவளைப் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள். அவளும் ஒவ்வொரு ஜூனிலும் பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்பது போலப் போய் நிற்பாள். முனைவர் பட்டம் வாங்கினால் அந்தக் கூத்து முடியும், வேலை நிரந்தரமாகும். வாங்காவிட்டால் இந்த ஜூனில் வரவே வேண்டாம் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊருக்குள் இருக்கும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், சிறுநீரகப் பிரிவின் வராந்தாவில் அவள் ஆறு படிவங்களோடு நின்றாள். மணி பத்தரை. வெயில் அதற்குள் வராந்தாவில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் பெஞ்சுகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாதோ என்று பயமாகவும் இருந்தது. முன்பெல்லாம் களைப்பு வரும், போகும். இப்போது வந்து தங்கிவிட்டது.

ஆராய்ச்சி இதுதான். சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மருத்துவமனைக்கு வருபவர்களில் அப்படிப்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நிலக்கோட்டை, வெள்ளோடு பக்கமிருந்து வரும் தோட்டக்காரர்கள் அறுபத்தொரு பேர் ஒரு குழு. சின்னாளபட்டியில் தறியில் உட்காருபவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர் இன்னொரு குழு. வெளியே பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே நோய். உள்ளேயும் ஒன்றுதானா என்பது கேள்வி.

ரத்தத்தில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து கொடுக்க இயந்திரம் இருக்கிறது. கௌசல்யா தேடியது அந்த அளவை அல்ல. எந்த மரபணு எதை ஆட்டிவைக்கிறது என்பதை. வகுப்பில் பிள்ளைகளுக்கு அவள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை வைத்துத்தான் இதை விளக்குவாள். தக்காளி என்ன விலை என்பது ஒரு கேள்வி. தக்காளி ஏறும்போதெல்லாம் கத்தரியும் முருங்கையும் கூடவே ஏறுகின்றனவா என்பது வேறு கேள்வி. ஒரு சந்தையில் கூடவே ஏறி, இன்னொரு சந்தையில் ஏறாமல் இருந்தால், முதல் சந்தையில் யாரோ ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

தோட்டக்குழுவில் அப்படிக் கயிறு இழுக்கும் மரபணு ஒன்று சிக்கியது. அது ஏறினால் நாற்பது மரபணுக்கள் ஏறின, இறங்கினால் இறங்கின. தறிக்குழுவிலும் அதே மரபணு இருந்தது, அதே நாற்பதும் இருந்தன. ஒன்றை ஒன்று சட்டை செய்யவில்லை. தற்செயலாக வந்திருக்குமோ என்று பார்ப்பதற்கு, யார் எந்தக் குழு என்ற சீட்டுகளைக் கலைத்துக் கணினியில் பத்தாயிரம் முறை குலுக்கிப் போட்டாள். ஒரு முறைகூட அவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. அன்றைக்கு அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஆண்டனிராஜ், நாற்காலியை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். ஆறு வருடத்தில் அவர் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த மரபணுவை அடக்கும் மாத்திரை, வேறு ஏதோ நோய்க்காக, ஏற்கனவே கடையில் விற்கிறது. அதைத் தோட்டக்குழுவில் நாற்பது பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேராசிரியர் மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருந்தார். ஜூலையில் தொடங்குவதாகப் பேச்சு. இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் செய்தி வராந்தா முழுக்கப் பரவியிருந்தது.

கையெழுத்துப் பாக்கி வைத்த ஆறு பேரில் ஐந்து பேரை மதியத்துக்குள் பிடித்துவிடலாம் என்று தெரிந்தது. ஆறாவது ஆள் ஜக்கம்மாள். வெள்ளோட்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவள். நாற்பத்து மூன்று வயது, நான்கு வருடமாக மாத்திரை. கௌசல்யா தேடிப் போனபோது கடைசிப் பெஞ்சில் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுகைக்கும் மைக்கில் டோக்கன் கூப்பிடும் சத்தத்துக்கும் அவள் அசையவே இல்லை.

"அக்கா. ஜக்கம்மாக்கா."

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "என் நம்பரா?"

"இல்லக்கா. நான்தான், கௌசல்யா. ஒரு கையெழுத்து வேணும்."

"நீயா தாயி." ஜக்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல நேரத்துலதான் வந்த. எங்களுக்குன்னே ஒரு மாத்திரை வருதாம்ல? ரத்தம் எடுக்குற அழகுராஜா தம்பி சொன்னாரு. என் பேர மொதல்ல போட்ரு."

"இன்னும் முடிவாகலக்கா."

"ஆகும்போது ஆகட்டும். இப்பவே எழுது, நான் பாக்கணும்."

கௌசல்யா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தின் உச்சியில் ஒன்று என்று போட்டு, ஜக்கம்மாள் என்று எழுதிக் காட்டினாள். ஜக்கம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இம்புட்டு நாளா எல்லாருக்கும் குடுக்குறதையே எனக்கும் குடுத்தாக. கேக்கவே இல்ல. எங்களுக்குன்னு ஒண்ணு வந்தா கேக்கும்ல?" என்றாள். கௌசல்யா தலையாட்டினாள். பிறகு, சும்மா இருக்க வேண்டாமே என்று, பேச்சுக்குக் கேட்டாள்.

"காலையிலயே இப்படி அசந்து தூங்குறீகளே, ராத்திரி தூக்கம் இல்லையாக்கா?"

"காலையா? உனக்குக் காலை. எனக்கு இது சாயங்காலம் தாயி. ரெண்டு மணிக்கு எந்திரிச்சேன். நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு எறங்குனா விடியிற வரைக்கும் பறிப்புத்தான். மொட்டு விரியிறதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போயிறணும்ல. பொழுது சாஞ்சா படுத்துருவேன்."

"ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னைக்குமா?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா, சரி நாளைக்கு விரியிறேன்னு பூ சொல்லுமா?"

"எங்களுக்கு ரத்தம் குடுத்தீகளே, அன்னைக்கு?"

"அன்னைக்குந்தான். பூக்காரக அம்புட்டுப் பேரும் பறிச்சுட்டுத்தான வந்தோம். ஏன்?"

"ஒண்ணுமில்லக்கா," என்று கௌசல்யா கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். நேராக ரத்தம் எடுக்கும் அறைக்கு நடந்தாள்.

காலை பத்து மணிக்குத்தான் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே அவள்தான். மரபணுக்களில் பல, நாளின் நேரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. அதற்காக அழகுராஜாவோடு சண்டை போட்டிருக்கிறாள். பத்தே முக்காலுக்கு எடுத்த ஏழு குப்பிகளை ஒரு நாள் வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறாள். சுவரில் மாட்டிய கடிகாரத்தை அப்படிக் காவல் காத்தவள், ஊசிக்குக் கையை நீட்டியவருக்குள் மணி என்ன என்று கேட்கவில்லை. பத்து மணி என்பது தறிக்காரருக்கு எழுந்து நான்கு மணி நேரம். பூப்பறிப்பவருக்கு எட்டு மணி நேரம், அன்றைய வேலை முடிந்து ஓய்ந்துபோன உடம்பு.

ரத்தம் எடுக்கும் அறையில் அழகுராஜா பழைய படிவக் கட்டை எடுத்துக் கொடுத்தான். வயது, எடை, உயரம், என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர், பூச்சிமருந்து அடிப்பாரா என்று பதினெட்டுக் கட்டங்கள். அத்தனையும் கௌசல்யா உட்கார்ந்து யோசித்து வகுத்தவை. எழுந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை.

"பூக்காரங்க ரெண்டு மணிக்கே எந்திரிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன மேடம். பாதிப் பேரு ஊசி குத்தும்போதே தூங்கிருவாக," என்றான் அழகுராஜா. "நீங்க கேக்கவே இல்லையே."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. கணவன் பழனிக்குமார் தூங்கிக்கொண்டிருந்தான். வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அவன் இரவு ஷிப்டு மேற்பார்வையாளன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, அழைப்பு மணியின் மேல் ஒட்டிய டேப், குக்கர் விசிலடித்தால் சண்டை. பதிமூன்று வருடமாகப் பகலில் தூங்கும் ஒரு மனிதனின் தூக்கத்துக்குக் காவல் இருந்து குடும்பம் நடத்துகிறாள். அவனுக்கு எப்போது பசிக்கும், எப்போது எரிந்து விழுவான் என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லுவாள். கயிறு இழுத்த அந்த மரபணு உடம்பில் என்னென்ன செய்யும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் வீக்கம், உளைச்சல் என்றெல்லாம் போய் நான்காவது வரியில் தூக்கம் விழிப்பு என்றும் இருந்தது. அதை அவள் படித்திருந்தாள். படித்துவிட்டு ஐந்தாவது வரிக்குப் போயிருந்தாள். அதை நினைத்தபோது தன்னையே நாலு அறை அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

நான்கு மணிக்கு அவன் எழுந்து டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள்.

"மில்லுல ரத்தப் பரிசோதனை கேம்ப் போட்டப்ப, நர்சம்மா மொத கேள்வியே எந்த ஷிப்டுன்னுதான கேட்டுச்சு," என்றான் பழனிக்குமார். கேலி செய்யவில்லை, நினைவுக்கு வந்ததைச் சொன்னான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இப்ப என்ன செய்யணும்?"

"எல்லாருக்கும் போன் போட்டு, அன்னைக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீகன்னு கேக்கணும். கேட்டு, அதையும் சேத்துக் கணக்குப் போடணும்."

"போட்டா?"

"அநேகமா அந்த வித்தியாசம் காணாமப் போயிரும்."

"கேக்காம விட்டா?"

மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் பேருந்தில் அவளே அதைப் பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள். கேட்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நூற்றுப் பத்தொன்பது பேருக்குப் போன் போட மூன்று நாள் ஆனது. வகுப்பு முடிந்து, வகுப்புக்கு நடுவில், பேருந்துக்குக் காத்திருக்கும்போது என்று போட்டுக்கொண்டே இருந்தாள். காது சூடேறி, நாக்கு வறண்டது. தறிக்காரர்கள் எல்லோரும் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் எழுபவர்கள். தோட்டக்குழுவில் முப்பத்து நான்கு பேர் பூப்பறிப்பவர்கள்; ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள். மீதிப் பேர் காய்கறிக்காரர்கள், ஐந்து மணிக்கு மேல். நிலக்கோட்டைப் பக்கத்து மலைச்சாமி, "எதுக்குக் கேக்குறீக டீச்சர், நீங்க வந்து எழுப்பிவிடப் போறீகளா?" என்று சிரித்தார். அவள் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஒருவருக்குப் போட்டபோது மகள் எடுத்தாள். அப்பா தையில் இறந்துபோனார் என்றாள். அவளே, "நீங்க எதுக்குக் கூப்பிட்டீக?" என்று கேட்டதும் கௌசல்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிறகு அந்தப் பெண், "ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருவாரு. முடியாமப் படுத்த பொறவும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். பறிக்கப் போகணும்பாரு," என்றாள். கௌசல்யா அந்தக் கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். அதற்குப் பிறகு அன்றைக்கு யாருக்கும் போன் போடவில்லை.

சனிக்கிழமை கணக்குப் போட்டாள். புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு கட்டம். சீட்டுகளைக் கலைத்துப் பத்தாயிரம் முறை குலுக்கினாள். எழுந்த நேரத்தைக் கழித்த பிறகு மிஞ்சிய வித்தியாசம், இல்லாவிட்டால் அதைவிடப் பெரியது, இந்த முறை வெறும் குலுக்கலிலேயே நாலாயிரம் தடவைக்கு மேல் வந்தது. அதாவது, ஒன்றுமே இல்லை. நாற்பது மரபணுக்களில் முப்பத்தேழு கயிற்றை விட்டுவிட்டன. தோட்டக்குழுவில் சிலர் இரண்டு மணிக்கு எழுந்தவர்கள், சிலர் ஐந்துக்கு. எழுந்த நேரத்தோடு எல்லாம் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. தறிக்குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்ததால் ஏறவும் இறங்கவும் அங்கே காரணமில்லை. முதல் குலுக்கலும் பொய் சொல்லவில்லை, வித்தியாசம் இருந்தது உண்மைதான். தக்காளியும் கத்தரியும் முருங்கையும் சேர்ந்து விலை ஏறியதற்கு எந்த வியாபாரியும் காரணமில்லை, அன்றைக்கு மழை பெய்திருந்தது.

அவள் கணினியை மூடவில்லை. அதன் முன்னாலேயே மேசையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். துக்கம்கூட வரவில்லை. ஆறு வருடம் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து, வீட்டு வாசலில் அது வேறொருவருடைய மூட்டை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

திங்கட்கிழமை பேராசிரியர் ஆண்டனிராஜ் அவள் நீட்டிய இரண்டு தாள்களையும் இரண்டு முறை படித்தார். மே கடைசியில் அவருக்கு ஓய்வு. அலமாரியிலிருந்த புத்தகங்களில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன.

"எல்லா ஆய்வுக்கும் ஒரு குறை இருக்கும்மா," என்றார். "கடைசி அத்தியாயத்துல, நோயாளிகள் எழும் நேரம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லைன்னு ஒரு வரி எழுதிருங்க. அது பொய் இல்ல."

"எடுத்தாச்சே சார்."

"என்னது?"

"கணக்குல எடுத்தாச்சே. வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதியிருந்தா அது பொய் இல்ல. இப்ப எழுதினா பொய்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிவ மாத்தினா ஆய்வுச் சுருக்கத்த மறுபடி குடுக்கணும். ஆய்வுக் குழு மறுபடி கூடணும். எப்படிப் பாத்தாலும் மூணு மாசம். உங்களுக்கு மூணு நாள்கூட இல்ல கௌசல்யா."

"தெரியும் சார்."

"அந்த மாத்திரைத் திட்டமும் போயிரும். யாரு கண்டா, குடுத்துப் பாத்தா கேட்டாலும் கேக்கும்."

"எந்த நோய்க்கு சார்? சீக்கிரம் எந்திரிக்கிற நோய்க்கா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எதைக் கொண்டுவந்தாலும் நான் கையெழுத்துப் போடுறேன். அதுக்கு மேல என்ன சொல்லச் சொல்லுறீங்க?" என்றார்.

அவர் அதட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தால், பழியை அவர் தலையில் கட்டிவிட்டு, முனைவர் கௌசல்யாவாக நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். மனிதர் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் அந்த வரியை எழுதினாள். அன்று மாலையே எழுதினாள். தொடக்கத்தில் எழுதியிருந்த பெரிய முடிவு அப்படியே இருந்தது, கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் எழும் நேரம் பற்றி ஒரு வரி ஒண்டிக்கொண்டு நின்றது. பேராசிரியர் சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு பிரதி அச்செடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் நூர் அகமது பைண்டிங் கடைக்குப் போனாள். பதினொரு ஜூன் மாதங்கள் அவளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போயின.

நூர் அகமது நான்கு பிரதிகளையும் தட்டி ஓரம் சேர்த்து வைத்தார். "அட்டை நீலமா, கறுப்பா மேடம்?"

"கறுப்பு."

"தங்க எழுத்துக்கு என்ன பேரு போடணுமோ அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க. எழுத்துப் பிழை பாத்துக்கங்க. அச்சு எறங்கிட்டா அழிக்க முடியாது."

பெயரை எழுதக் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்தாள். பிரித்த பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒன்று என்று போட்டு, ஜக்கம்மாள் என்று இருந்தது. அதற்குக் கீழே பக்கம் முழுக்கக் காலி. மீதி முப்பத்தொன்பது பேர் அந்தக் காலியிடத்தில் வந்து நிற்கப்போகிறார்கள். கெட்டுப்போன சிறுநீரகத்தோடு, தங்களுக்கு இல்லாத ஏதோ ஒன்றுக்கான மாத்திரையை ஆறு மாதம் விழுங்கப்போகிறார்கள். விழுங்கிவிட்டு இரண்டு மணிக்கு எழுந்து பூப் பறிக்கப் போவார்கள். முதல் ஆளின் பெயரை எழுதியது அவள் கை.

"பேரு மேடம்?" என்றார் நூர் அகமது.

கௌசல்யா குறிப்பேட்டை மூடினாள். "இன்னைக்கு வேணாம் பாய்."

"நாளைக்குன்னா கூட்டம் அள்ளும் மேடம். கடைசி நாளு."

"நாளைக்கும் வேணாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தாள்களைப் பைக்குள் போட்டுக் கொடுத்தார்.

ஆய்வேட்டைக் கொடுக்கப்போவதில்லை என்று அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதி அனுப்பினாள். மறுநாள் அவர் மாத்திரைத் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். தவறு தன்னுடையது என்று தன் பெயரையே போட்டிருந்தார். அதே நாள் மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் மூடியது. அந்த நேரத்தில் கௌசல்யா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழனிக்குமார் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவள் தோளில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போனான்.

மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி அந்த வராந்தாவுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. மாத்திரை இல்லை என்பதை அழகுராஜா வாயால் ஜக்கம்மாள் கேட்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். அதே கடைசிப் பெஞ்சு, அதே சுவர், அதே திறந்த வாய். எழுப்ப மனசு வரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் ஜக்கம்மாள் தானாகவே விழித்தாள்.

"வந்து எம்புட்டு நேரம் ஆச்சு? எழுப்பியிருக்கலாம்ல. மாத்திரை வந்துருச்சா?"

"அந்த மாத்திரை வராதுக்கா."

ஜக்கம்மாள் அவளையே பார்த்தாள். கௌசல்யா சொன்னாள். எப்படியெல்லாமோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள், வாயைத் திறந்தபோது நேராகத்தான் வந்தது. உங்கள் உடம்பில் தனியாக ஒன்று இருக்கிறது என்று நினைத்தோம், அது நோய் இல்லை, நீங்கள் இரண்டு மணிக்கு எழுந்ததால் ரத்தம் அப்படிக் காட்டியிருக்கிறது, தறிக்காரர்களுக்கு இருப்பதுதான் உங்களுக்கும் இருக்கிறது, அது ஏன் வருகிறது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மைக்கில் இரண்டு எண்கள் போயின.

"நான் சொன்னதுனாலதான?" என்றாள். "ரெண்டு மணிக்கு எந்திரிச்சேன்னு அன்னைக்கு நான் உளறுனதுனாலதான உனக்குத் தெரிஞ்சுச்சு?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு நான் இந்தப் பெஞ்சுல தூங்காம முழிச்சு உக்காந்திருந்தா, மாத்திரை வந்திருக்கும்?"

"வந்திருக்கும்க்கா," என்றாள் கௌசல்யா. "ஆனா கேட்டிருக்காது."

"கேக்காத மாத்திரையத்தான் நாலு வருசமா தின்னுக்கிட்டு இருக்கேன். கூட ஒண்ணத் தின்னுருப்பேன். ஆறு மாசம் மனசாவது நல்லா இருந்திருக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கௌசல்யாவுக்குத் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். நின்ற இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டத்துக்காக வராத அழுகை, வேலைக்காக வராத அழுகை, வராந்தாவில் அறுபது பேர் பார்க்க வந்தது.

"இப்ப நீ எதுக்கு அழுகுற?" என்றாள் ஜக்கம்மாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்தாள். "நீ எத்தன மணிக்கு எந்திரிச்ச?"

"நாலுக்கு. தூக்கம் வரலக்கா."

"உக்காரு."

ஜக்கம்மாள் நகர்ந்து இடம்விட்டாள். கௌசல்யா உட்கார்ந்தாள். ஜக்கம்மாள் தன் டோக்கனை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டு, "நம்பரு கூப்பிட்டா எழுப்பு," என்று சொல்லி மறுபடி சுவரில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது.

டோக்கனில் நாற்பத்தொன்று என்று இருந்தது. உள்ளே பதினேழுதான் போய்க்கொண்டிருந்தது.